400 ஹெச்பி சரி, எத்தனை ஆர்பிஎம்மில்? 12 வால்வ் கம்மின்ஸ் எங்கே தாங்கும், எங்கே போகும்

1994 முதல் 1998 நடுப்பகுதி வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் 5.9 லிட்டர் 12 வால்வ் கம்மின்ஸ் இன்ஜினும் டீசலைப் பீய்ச்சும் பாஷ் பி7100 பம்ப்பும் இருக்கும். மாற்றம் செய்பவர்களுக்கு இன்றும் பிடித்த ஜோடி இதுதான். "இது எத்தனை ஹெச்பி தாங்கும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு நேரம், பின்னால் எவ்வளவு பாரம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் அதிகபட்சம் 215 ஹெச்பி, டார்க் சுமார் 597 நியூட்டன் மீட்டர். அதில் சிலிண்டரின் சராசரி அழுத்தம் 12.8 பார் வருகிறது. அதே இன்ஜினில் 2800 ஆர்பிஎம்மில் 400 ஹெச்பி எடுத்தால் டார்க் 1017 நியூட்டன் மீட்டர், சராசரி அழுத்தம் கிட்டத்தட்ட 22 பார். 1800 ஆர்பிஎம்மிலேயே அந்த 400 ஹெச்பி வேண்டுமென்றால் டார்க் 1582 ஆகிவிடும், அழுத்தம் 34 பாருக்குப் போய்விடும். பவரை அளக்கும் டைனோவின் ஷீட்டில் இரண்டுக்கும் ஒரே 400தான். ஹெட் கேஸ்கெட்டுக்கும் கனெக்டிங் ராடுக்கும் கிளட்ச்சுக்கும் மட்டும் இரண்டும் வேறு வேறு. பாரத்தோடு மேட்டில் கியர் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிப்பதைத்தான் இந்த இன்ஜின்களின் முதல் எதிரி என்பேன்.

பிளாக்கைப் பொறுத்தவரை கவலை குறைவு. வார்ப்பிரும்பு பிளாக், ஃபோர்ஜிங் கிராங்க், ஏழு மெயின் பேரிங், பற்சக்கரத்தில் ஓடும் கேம், பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட். லாரிக்கும் பண்ணை இயந்திரங்களுக்கும் என்று உருவான பி சீரிஸ் குடும்பம் இது. நம் ஊர் டாடா லாரிகளுக்காக ஜாம்ஷெட்பூரில் தயாரான 5.9 லிட்டர் டாடா கம்மின்ஸும் இதே குடும்பம்தான். அதனால் பவரைக் கூட்டும்போது முதலில் பிளாக் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள சாமான்கள்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன.

பி7100 பம்ப்பில் டீசலைக் கூட்டுவது மிகவும் எளிது. டீசலின் உச்சவரம்பை வைக்கும் ஃபியூல் பிளேட்டை முன்னால் தள்ளுவது, பூஸ்ட்டுக்கு (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்ப டீசலை விடும் ஏஎஃப்சியின் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பிப் பூஸ்ட் குறைவாக இருக்கும்போதே டீசல் கிடைக்கச் செய்வது, இரண்டும் கைக்கருவிகளோடு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. செலவே இல்லாமல் 50 ஹெச்பிக்கு மேல் கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் காற்று கூடவில்லை. கூடுதல் டீசல் கருப்புப் புகையாகவும் சூடாகவும் வெளியேறும்.

ஆகவே பிளேட்டைத் தொடுவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் மாட்டியாக வேண்டும். சென்சார் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் மாட்டினால் பாரம் ஏற ஏற உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். இந்த மேனிஃபோல்டில் முன் மூன்று சிலிண்டர்களுக்கும் பின் மூன்றுக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. எந்தப் பக்கம் துளை போட்டோமோ அந்தப் பக்கத்துச் சூடுதான் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. 1/8 என்பிடி மறை போதும். டிரில் பிட்டில் கனமாகக் கிரீஸ் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து, பிசிறுகளைக் காந்தத்தால் எடுத்துவிடுங்கள். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும்.

தொடர்ந்து பாரம் இழுக்கும்போது 675 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். 700ஐத் தொட்டால் கால் தானாகத் தளர வேண்டும். 760க்கு மேலே போவது பந்தயத்தில் சில நொடிகளுக்கு மட்டுமே. பிஸ்டனின் அலுமினியக் கலவை இந்தச் சூட்டிலேயே உருகக்கூடியது. ஒவ்வொரு சுற்றிலும் நெருப்பு பட்டவுடன் புதுக்காற்று வந்து ஆற்றுகிறது, அடியில் எண்ணெய் ஜெட் சூட்டை இழுக்கிறது. பிஸ்டன் பிழைப்பது அதனால்தான். கால் மைல் ஓட்டத்தில் 760ஐத் தாங்கிய அதே பிஸ்டன், ட்ரெய்லரோடு பத்து நிமிட மலையேற்றத்தில் 760ல் விரிந்து சிலிண்டரை உரசிப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் முன்பே மேனிஃபோல்ட் அறிகுறி காட்டும். ஒற்றை வார்ப்பாக வரும் கம்பெனி மேனிஃபோல்ட் சூட்டில் நாளடைவில் சுருங்கி, ஓரத்து போல்ட்டுகளை முறிக்கும், அல்லது தானே விரிசல் விடும். மூன்று துண்டு மேனிஃபோல்ட் மாட்டினால் இந்தத் தொல்லை தீரும்.

காற்றுப் பக்கம் கதை சுருக்கம். எச்எக்ஸ்35 டர்போ 32 முதல் 35 பிஎஸ்ஐ பூஸ்ட் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் விரட்டினால் காற்று கூடுவதைவிடச் சூடுதான் கூடும், தண்டும் அளவுக்கு மீறிச் சுற்றும். 400 ஹெச்பிக்கு மேல் பாரமும் இழுக்க வேண்டுமானால் சிறியது ஒன்றும் பெரியது ஒன்றுமாக இரட்டை டர்போ வரிசைதான் சரி என்பது என் கருத்து. ஒரே பெரிய டர்போ டைனோவில் நல்ல எண்ணைக் காட்டும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் காற்று வராது, அந்த இடைவெளியில் பைரோமீட்டர் ஏறும்.

டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, முன்னால் தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு குறையும், டீசலும் கொஞ்சம் மிச்சமாகும். அதற்கு விலையாகச் சிலிண்டரின் உச்ச அழுத்தம் ஏறும். பழைய கேஸ்கெட்டோடு பாரம் இழுக்கும் வண்டிக்கு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 16 டிகிரி முன் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. பைரோமீட்டர் குறைகிறதே என்று 20ஐத் தாண்டிப் போனால், சூட்டிலிருந்து தப்பித்துக் கேஸ்கெட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த வேலையில் பலரும் கோட்டை விடுவது கூம்புத் தண்டில். பம்ப்பின் பற்சக்கரத்தைத் தண்டின் மேல் பிடித்து வைப்பது கூம்பின் உராய்வு மட்டுமே, நழுவாமல் பூட்டும் சாவிக் கட்டை கிடையாது. எண்ணெய்ப் படலம் கொஞ்சம் இருந்தாலும் பாரத்தில் பற்சக்கரம் நழுவும், டைமிங் பின்தங்கும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை வரும். தண்டையும் பற்சக்கரத்தின் உட்புறத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் திரும்பத் திரும்பத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு நட்டை 195 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். பிறகு முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து டயல் கேஜால் டைமிங்கைக் காட்டும் பிளஞ்சர் லிஃப்ட்டை மறுபடி அளந்து பாருங்கள். முறுக்கும்போதே நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஹெட் போல்ட்டுகள் 12 மில்லிமீட்டர். பூஸ்ட் 40 பிஎஸ்ஐயைத் தாண்டப் போகிறது என்றால் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (நட் போட்டு முறுக்கும் மறைத் தண்டு) போடுங்கள். 12 வால்வில் ஒரு வசதி: ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ஒரு போல்ட்டை எடுத்து, அந்த இடத்தில் ஸ்டட்டை இறக்கி, முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிறகு இன்ஜினை நன்கு சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முறுக்க வேண்டும். இந்த மறுமுறுக்கலைத் தவிர்த்தவர்களுக்கு ஸ்டட் போட்ட பிறகும் கேஸ்கெட் போயிருக்கிறது. 60 பிஎஸ்ஐக்கு மேல் ஃபயர் ரிங் (சிலிண்டர் வாயை அடைக்கும் உலோக வளையம்) இல்லாமல் போகாதீர்கள்.

ஆர்பிஎம் வரம்பைக் காக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வால்வ் ஸ்பிரிங்கை அப்படியே விடுவதும் பெரிய தப்பு. கம்பெனி கவர்னர் 2500ஐத் தாண்டியதும் டீசலைக் குறைக்கத் தொடங்கும். அதை 3000க்கும் மேலே கொண்டுபோனால் பழைய ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. எக்ஸாஸ்ட் பக்கத்து எதிரழுத்தமும் வால்வை இருக்கையிலிருந்து தள்ளும். முதலில் புஷ் ராட் நழுவும், அப்புறம் வால்வ் பிஸ்டனில் அடிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்குக்காகவே வரும் 60 பவுண்டு ஸ்பிரிங்குகளைப் போட்டுவிடுங்கள். போட்டதும் இன்ஜின் குளிர்ந்த நிலையில் இன்டேக் வால்வுக்கு 0.25, எக்ஸாஸ்ட்டுக்கு 0.51 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள்.

பவருக்குச் சம்பந்தமே இல்லாமல் இன்ஜினைக் கொல்லும் ஒன்றும் உண்டு. டைமிங் கவருக்குள் கியர் கேஸில் பாகங்களை நேராக நிறுத்தும் ஒரு சிறிய எஃகு டாவல் பின் இருக்கிறது. அதிர்வில் அது மெல்ல வெளியே வந்து பற்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால் கேஸ் உடையும், சில வண்டிகளில் இன்ஜினே போகும். பக்கத்து போல்ட்டின் கீழே ஒரு சிறு தகட்டை வைத்து அதன் வாயை மூடிவிட்டால் போதும். டர்போவுக்குப் பணம் ஒதுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம்: கம்பெனி கிளட்ச் 100 ஹெச்பி கூடுவதற்குள்ளேயே வழுக்கத் தொடங்கும். என்வி4500 மேனுவலில் ஐந்தாவது கியரின் நட் தளர்ந்து கியரே பின்னால் நகர்ந்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் ஐந்தாவதில் இழுப்பது அதை விரைவுபடுத்தும். ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வர்ட்டர்தான் முதல் பலி. லாக் ஆன பிறகும் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் உள்ளே கிளட்ச் எரிகிறது என்று பொருள்.

மற்ற பிக்கப் இன்ஜின்களில் பலவீனம் வேறு இடத்தில். ஜிஎம்மின் டியூராமேக்ஸ் முதல் தலைமுறையில் 600 ஹெச்பி வாக்கில் கனெக்டிங் ராட் வளையும். அதற்குப் பின் வந்த எல்பிஇசட் டியூராமேக்ஸில் ராட் தடித்தது, ஆனால் ராடை இணைக்கும் பின் உட்காரும் இடத்தில் பிஸ்டன் விரிசல் விடுகிறது. ஃபோர்டு 6.0வில் ஹெட் போல்ட் இழுபட்டுக் கேஸ்கெட் போகும். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்திப் பேசுவது தவறு.

ஏற்கெனவே மாற்றம் செய்த 12 வால்வ் வண்டியை வாங்குவதாக இருந்தால், முதலில் பம்ப்பின் மேலே ஏஎஃப்சி உறையைப் பாருங்கள். அங்கே கழற்ற முடியாதபடி தலை முறிந்த ஒரு காப்பு போல்ட் இருக்க வேண்டும். அதற்குப் பதில் சாதாரண போல்ட் இருந்தாலோ, தலையில் அரத்தால் வெட்டிய கோடு தெரிந்தாலோ, உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பைரோமீட்டர் இருக்கிறதா, சென்சார் எந்தப் பக்கம் என்று அடுத்துப் பாருங்கள். பிளேட் தொடப்பட்டு, பைரோமீட்டரும் இல்லாத வண்டி என்றால், எண்ணெய் மாதிரியை லேப்புக்கு அனுப்பி இரும்பு, அலுமினியம், ஈயம், டீசல் கலப்பு நான்கும் கைக்கு வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.