திட்ட மதிப்பீடு பண்ணப் போய் நான் பட்ட பாடு

ஒருவழியா நேத்து ரிப்போர்ட்டைக் கொடுத்துத் தொலைச்சாச்சு. மூணு மாச வேலை, ஏழு மாசம் இழுத்துடுச்சு. ஒரு அரசு உதவித்தொகை திட்டம் சேர வேண்டியவங்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேருதான்னு பார்த்துச் சொல்லணும், அவ்ளோதான். அனுமதி, டீம், கேள்வித்தாள் எல்லாம் மளமளன்னு முடிஞ்சுது.

மாட்டிக்கிட்டது டேட்டாவுல. விண்ணப்பம் சராசரியா 6 நாள்ல முடியுதுன்னு ஒரு ஷீட் கொடுத்தாங்க, நானும் நம்பி முதல் டிராஃப்ட்ல ஆஹா ஓஹோன்னு எழுதிட்டேன். அப்புறம் மனசு கேக்காம 20 பழைய ஃபைலை எடுத்து ஒவ்வொண்ணா சீல் தேதியைப் பார்த்தா, விண்ணப்பம் வந்த தேதி ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஏத்துன தேதி வேற. ஒரு ஃபைல்ல ரெண்டுக்கும் நடுவுல 43 நாள்! அத்தனை நாளும் டிரேல கிடந்திருக்கு, அட்டை மேல டீ கிளாஸ் வச்ச வட்டக் கறை வேற. அங்க இருந்த கிளார்க்கைக் கேட்டா "என்ட்ரி போட்டாதானே சார் அது விண்ணப்பம்"ங்கிறார். இத்தனை நாள்ல முடிக்கணும்னு டார்கெட் வச்சு மண்டையில அடிச்சா அவரும்தான் என்ன பண்ணுவார், என்ட்ரியை லேட்டா போடுறார்.

அடுத்து, தள்ளுபடி ஆன விண்ணப்பங்களோட லிஸ்ட் கேட்டேன். அப்படி ஒண்ணு வைக்கிற வழக்கமே இல்லையாம். தயவுசெஞ்சு இதை முதல் நாளே கேட்டுடுங்க, பணம் வாங்கினவங்களை மட்டும் பேட்டி எடுத்தா எல்லாரும் திருப்தின்னுதான் சொல்வாங்க. திட்டம் வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுங்கிற பேஸ்லைனும் கிடையாது. அதனால எத்தனை பேருக்குப் பணம் போச்சுன்னு எழுத முடிஞ்சுது, அதால அவங்க வாழ்க்கையில என்ன மாறுச்சுன்னு ஒரு வரி கூட தைரியமா எழுத முடியல.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. பழைய டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி அடிச்சேன், ஓ.இ.சி.டி.ங்கிற வளர்ந்த நாடுகளோட அமைப்பு திட்டங்களை மதிப்பிட வச்சிருந்த 5 அளவுகோல் போட்டது. 2019லயே 'மத்த திட்டங்களோட ஒத்துப் போகுதா'ன்னு ஆறாவது ஒண்ணைச் சேர்த்துட்டாங்க. அதுக்காகவே ரிப்போர்ட் ஒரு தடவை திரும்பி வந்து மூணு வாரம் போச்சு.

ஆனா நடுவுலயே ஒரு நல்லது நடந்துச்சு, நான் கத்தின கத்துல ஷீட்ல 'சீல் தேதி'ன்னு ஒரு புது கட்டம் சேர்த்துட்டாங்க. முதல் மாசமே சராசரி 31 நாள்னு காட்டுச்சு. திடீர்னு ஏன் இவ்ளோ மோசமாயிடுச்சுன்னு மேலிடத்துல இருந்து விளக்கம் கேட்டு அவங்களுக்கு லெட்டர் வந்திருக்காம்.