தெரேசம்மாள் திருநாளில் சேலம் போய் வந்தோம்

"பிள்ளை பிழைக்கட்டும், தெரேசம்மா திருநாளுக்குத் தூக்கிட்டுப் போய் சேலம் குழந்தை இயேசுவுக்கு ரோஜா மாலை போடுறேன்." அக்கா மகள் எட்டாம் மாசத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது இது. பிரான்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரியான புனித தெரேசம்மாளும் பிழைக்காது என்றிருந்த பிள்ளைதானே. நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் 1873-ல் பிறந்தவர். கிராமத்துச் செவிலித்தாய் ஒருத்தியின் பால்தான் அவரைத் தேற்றியது.

அக்டோபர் 1, ஏற்காட்டிலிருந்து காலை பஸ். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் அக்காவுக்கு வாந்தி, எனக்குத் தலைசுற்றல். அம்மா செபமாலையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். அதைக் கேலி பண்ண முடியாது. செபத்தில் தூங்கிப்போவதைத் தெரேசம்மாளே எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானாம்.

கீழே இறங்கியதும் பூக்காரர்களிடம் மாட்டினோம். திருநாள் என்று தெரிந்துதான் ரோஜாவுக்கு அந்த விலை சொல்கிறார்கள். ஆட்டோவிலும் பேரம். கோயில் வாசலில் வேண்டாம் என்றாலும் கையில் மெழுகுதிரியைத் திணிக்கிறார்கள்.

உள்ளே நல்ல கூட்டம். உபதேசியாரிடம் மாலையைக் கொடுத்துவிட்டு முழந்தாளிட்டேன். பின்னாலிருந்து பிளாஸ்டிக் கவர் சரசரவென்று ஓயாத சத்தம். மனசு ஒட்டவே இல்லை. தெரேசம்மாளுக்கும் மடத்தில் இதே தொல்லை. தியான நேரத்தில் பின்னால் ஒரு சகோதரி விநோதமாய்ச் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாராம். திரும்பி முறைக்கத் தோன்றியதை அடக்கி, வியர்த்து வழிய உட்கார்ந்து, கச்சேரி கேட்பதுபோல் கேட்டு, அதையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். நான் புனிதன் இல்லை, திரும்பி முறைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுப் பிள்ளை வீறிட்டாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. அக்கா பதறி எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, "இருக்கட்டும்டி, அழட்டும்," என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தொண்டை அடைத்தது. பிறந்தபோது அழாத பிள்ளை இவள். அந்த ஒரு சத்தத்துக்காக ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே எப்படிக் காத்துக் கிடந்தோம்! செபமாலையைத் தவிர எங்கள் கையில் ஒன்றும் இல்லை. தெரேசம்மாளிடம் மட்டும் வேறு என்ன இருந்தது? 15 வயதில் லிசியூ ஊர்க் கார்மெல் கன்னியர் மடத்துக்குள் போனவர், 24 வயதில் காசநோயில் கண்மூடும்வரை அங்கேயே செபத்தில் கிடந்தார். அவரைத்தான் 1927-ல் மறைபரப்பு நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலி என்று அறிவித்தார்கள். மடத்தை விட்டு வராதவர் எங்கள் மலைக்கு வந்துவிட்டார் தாயே! விண்ணகத்திலிருந்து ரோஜா மழை பொழிவேன் என்றவர், எங்கள் மடியிலும் ஒன்றைப் போட்டுவிட்டார். இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. பூசையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குச் சத்தியமாய்த் தெரியாது.

வெளியே வந்ததும் பிள்ளை மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு இதழை வாயில் போட்டுக்கொண்டாள். அக்கா விரலை விட்டு எடுப்பதற்குள், அம்மா அடுத்த நேர்ச்சையை ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை என் கல்யாணத்துக்காம்.