காணாக்கடியும் காலி செய்யச் சொன்ன நோட்டீசும்

தடிப்பு முதலில் வந்தது இடது தொடையில். ராத்திரி பதினொன்று இருக்கும். கொசு என்று நினைத்துச் சொறிந்தேன். விடிவதற்குள் பாவாடை நாடா அழுத்துகிற இடமெல்லாம் வரப்பு கட்டினது போலத் தடித்துவிட்டது. கடைக்குக் கிளம்பும்போது பார்த்தால் ஒன்றுமில்லை, தோல் பழையபடி. அன்று ராத்திரி திரும்ப வந்தது, வேறு இடத்தில்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, "காணாக்கடி புள்ள, ஏதோ கடிச்சிருக்கு" என்றார். மூன்று நாள் வெற்றிலையில் மிளகு வைத்து மென்றேன், வேப்பிலை கொதித்த தண்ணீரில் குளித்தேன். கருவாடு, கத்தரிக்காய், முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் பழைய கதை. சின்ன மஞ்சள் மாத்திரை போட்டால் அரிப்பு அடங்கும். ஆனால் மறுநாள் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும்போது பேனா கையிலேயே தூங்கிவிடும்.

அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. அம்மா 31 வருஷம் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அப்பாவின் உயிர் போனதும் அந்த வீட்டில்தான். "நான் போனா பொணமாத்தான் போவேன்" என்று அம்மா ஒரு பக்கம், "மலிவு வீட்டுக்கு மனு போடுக்கா" என்று தம்பி இன்னொரு பக்கம். நடுவில் நான். வாரத்துக்கு இரண்டு கூட்டம், கோயில் கொட்டகையில், நடுராத்திரி வரைக்கும்.

தடிப்பு வந்து ஏழாவது வாரம் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். டாக்டர் சின்னப்பெண், மலாய்க்காரர், என்னை 'கக்', மலாயில் அக்கா, என்றுதான் கூப்பிட்டார். ஒரு தடிப்பைப் பேனாவால் வட்டமிட்டு, நாளைக்கு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 24 மணி நேரத்துக்குள் தடம் இல்லாமல் மறைந்தால் ஒரு வகை, நின்றுகொண்டு வலித்தால் வேறு வியாதியாம். என்னுடையது மறைந்தது. ஆறு வாரத்துக்கு மேல் இப்படி வந்து வந்து போனால் அது நாள்பட்ட 'அர்டிகேரியா', நம் காணாக்கடிதான், என்றார்கள். எதைத் தின்றதால் வந்தது என்று தேடி அலைய வேண்டாம், பெரும்பாலும் அகப்படாது என்றும் சொன்னார். நான் இறால் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

"கவலையால வருதா டாக்டர்?" என்று கேட்டேன். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோலுக்குள் மாஸ்ட் செல் என்று இருக்கிறது, அதிலிருந்து ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியே கொட்டினால் தடிப்பும் அரிப்பும் என்று விளக்கினார். பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்லைச் சீண்டுகிறது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் சீண்டும் என்பதால்தான் எனக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். மனசு கொதிக்கும்போது நரம்பு நுனிகளில் சுரக்கிற சில பொருட்களும் அதே செல்லைக் கிளறிவிடும். அடுப்பு ஏற்கெனவே எரிகிறது, கவலை அதில் விறகு போடுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். அரிப்பால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனசு கெடும், அதுவே மறுபடி விறகு.

தூக்கக் கலக்கம் தராத அரிப்பு மாத்திரை கொடுத்தார், தினமும் ஒன்று. இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். தடிப்பு வந்தால் போடுவது, வராவிட்டால் விடுவது என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் பலனில்லை என்று போய் நின்றேன். "வந்த பிறகு போடுறதுக்கு இல்ல கக், வராம இருக்கப் போடுறது" என்றார். முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அந்த வகை வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கூட்டுமாம். அதைக் கேட்கும்வரை அந்த மாத்திரை என் நினைப்பிலேயே இல்லை. கத்தரிக்காயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நோட்டும் போடச் சொன்னார். தினமும் தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3. இருபதுக்குக் கீழே தடிப்பு என்றால் 1, ஐம்பதைத் தாண்டினால் 3. வாரத்துக்குக் கூட்டினால் அதிகபட்சம் 42. என் முதல் வாரம் 31. நான் கணக்கு எழுதுகிறவள், ஓரத்தில் தூங்கின நேரத்தையும் குறித்து வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சண்டை போட்ட ராத்திரியை விட, கூட்டம் முடிந்து மூன்று மணி நேரமே தூங்கின மறுநாள்தான் எண் ஏறியிருந்தது. "கவலப்படாத" என்று சொன்னவர்கள் யாரும் எனக்கு உதவவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு, "இனி கூட்டத்துக்கு நான் போறேன், நீ தூங்குக்கா" என்ற தம்பிதான் உதவினான்.

ஒருநாள் விடியற்காலை மேல் உதடு வீங்கி, கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படி ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு ஈப்போவில் தோல் நிபுணரிடம் அனுப்பினார்கள். அங்கே தினமும் ஒரு மாத்திரை என்பதை இரண்டு மாத்திரையாக்கி, பிறகு நாலாக்கினார்கள். நிபுணர் சொல்லித்தான் நாலு, நாமாகக் கூட்டக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் நாலு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறதாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

மலிவு வீட்டுச் சாவி கிடைத்த வாரம் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பினேன். நிற்கவில்லை. அந்த வாரம் 19. அம்மா புது வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார், நான் முதுகைச் சொறிந்துகொண்டே பெட்டிகளைப் பிரித்தேன். பிறகு மெதுவாக, ஒரு எண் ஏறி இரண்டு இறங்கி என்று, ஒன்பது மாதம் ஆனது. போன வாரம் 4. மாத்திரை இப்போது இரண்டு. அடுத்த மாதம் ஒன்றாக்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பெரியம்மா பக்கத்து பிளாக்கில்தான் இருக்கிறார். போன ஞாயிறு இறால் சம்பல் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.