சிறு நிலையம் ஒன்றுக்கு மண்ணும் புல்லும்

ஜனவரி 4

நான் செய்துகொண்டிருக்கும் மாதிரி ரயில் நிலையத்தின் பலகை 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். அதில் ஒரு முதன்மைத் தடம், சரக்குப் பெட்டிகள் நிற்க ஒரு பக்கத் தடம், தாழ்வான ஒரு நடைமேடை. விகிதம் 1:87 என்பதால், நிஜத்தில் 1,435 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளங்கள் இங்கே 16.5 மி.மீ.க்குள் வந்துவிடுகின்றன, 170 செ.மீ. உயரமுள்ள மனிதர் இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஐந்து சென்டிமீட்டர் ஜல்லிக்கல் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். நான் வாங்கி வைத்திருந்த ஜல்லியைத் தண்டவாளத்தின் அருகில் கொட்டிப் பார்த்தபோது, அது மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறைகளைப் போலத் தெரிந்தது. மெல்லிய சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 5

தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருநிறம் பூசினேன். சக்கரங்களுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் மேற்பரப்பு வழியாகவே போகிறது என்பதால், ஒவ்வொரு சாண் நீளம் பூசியதும் வண்ணம் காயும் முன்பே மேற்பரப்பைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 11

இன்று முழுவதும் ஜல்லி. உலர்ந்த ஜல்லியைத் தடத்தின் நடுவே தூவி, மென்மையான தூரிகையால் தள்ளி, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் மேல் ஒரு துகளும் தங்காதபடி ஒதுக்குவதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனால் பொறுமையிழந்து, சம அளவு தண்ணீர் கலந்த பசையை நேரடியாகச் சொட்டியதும், துளி உருண்டையாக நின்று, ஜல்லியைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு உருண்டோடி, போன இடமெல்லாம் சிறு குழிகளை விட்டுச் சென்றது. தண்ணீரின் பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம். அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மீண்டும் தூவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மேலிருந்து மூடுபனிபோல் தெளித்து நனைத்த பிறகு பசையை விட்டேன். இம்முறை அது ஓசையின்றி உள்ளே இறங்கியது. ஒரு கல்கூட அசையவில்லை. முதலில் நனைக்க வேண்டும், பிறகே பசை: இந்த வரிசையை மாற்றவே கூடாது.

ஜனவரி 12

தடம் பிரியும் இடத்தில் நகரும் தண்டவாள முனை பசையில் இறுகிவிட்டது. நல்லவேளையாக, நான் விட்ட பசை பி.வி.ஏ., அதாவது மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை; காய்ந்த பிறகும் அது வெந்நீரில் இளகிவிடும். நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி, அரை மணி நேரத்தில் விடுவித்தேன்.

ஜனவரி 18

புல். இழைகளுக்கு நிலைமின்னூட்டம் கொடுத்துத் தூவும் நிலைமின் கருவியால் தூவினால் செயற்கைப் புல் இழைகள் பசையில் செங்குத்தாக நிற்கும் என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. இரண்டு மி.மீ. இழை நிஜத்தில் 17 செ.மீ. உயரப் புல்லுக்குச் சமம். ஓரங்களில் மட்டும் நான்கு மி.மீ. இழையைச் சேர்த்தேன். ஒரே பச்சையாக விட்டால் அது விரிப்பாகிவிடும் என்பதால் வைக்கோல் நிறத்தையும் கலந்தேன்.

எங்கே புல் வளராது என்பதைத் தீர்மானிப்பதே எனக்கு அதிக நேரம் பிடித்தது. நடைமேடையின் சரிவிலிருந்து பக்கத் தடத்தைக் குறுக்கே கடந்து சரக்குக் கொட்டகைக்குச் செல்பவர்கள், கொத்தனார் போட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு போகமாட்டார்கள், நேர்வழியில்தான் நடப்பார்கள். ஆகவே அந்தக் கோட்டில் பசையே தடவாமல், ஒன்பது மி.மீ. அகலத்துக்கு வெறும் மண்ணாக விட்டேன். உண்மையில் அது முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகமான ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை தோன்றியதும், மனித உருவம் ஒன்றுகூட வைக்காத நிலையத்தில் மனிதர்கள் நடமாடத் தொடங்கிவிட்டார்கள்.

ஜனவரி 25

கறைகளை வைக்கும் நாள். கண்ட இடத்திலெல்லாம் கறுப்பைத் தெளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். என்ஜின் நிற்கும் இடத்தில் மட்டும், தண்டவாளங்களுக்கு நடுவே, நீர்த்த அடர்பழுப்பை மூன்று முறை மெல்லிய படலமாக விட்டேன். கொட்டகைக் கூரையின் துருவை மழைநீர் இறங்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக இழுத்தேன்.

பக்கத் தடம் முடியும் தடுப்புக்கு முன்னால் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் சக்கரம் உருளுவதே இல்லை. அங்கே மட்டும் தண்டவாளத்தின் மேற்பரப்புக்கும் துருநிறம் பூசி, கட்டைகளுக்கிடையே நான்கு புல் இழைகளை இடுக்கியால் நட்டேன்.