டெவில்ஸ் டைக்கில் புதர் வெட்டிய குளிர்காலம்

இயற்கைப் பாதுகாப்பு வேலை என்றால் மரம் நடுவது என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த வேலை நேரெதிர். இங்கிலாந்தின் தெற்கே, பிரைட்டனுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழமுள்ள டெவில்ஸ் டைக் என்ற வறண்ட பள்ளத்தாக்கின் சரிவில், அங்குள்ள புல்வெளியைக் காப்பதற்காகக் குளிர்காலம் முழுக்க முட்புதர் வெட்டுவது. வெள்ளைச் சுண்ணப்பாறை, மழை பெய்தால் பூட்ஸ் நிற்காது. ஹாதார்ன் முள் கையுறையைத் தாண்டிக் குத்தும். வெட்டியதும் அடிக்கட்டையில் மருந்து தடவ வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும். தழையை அங்கேயே போட்டு வரவும் கூடாது, மக்கி உரமாகிவிடுமாம்.

விவசாயக் குடும்பத்திலிருந்து போன எனக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் சிரமம்தான். ஆனால் மண்ணில் சத்துக் குறைவாக இருப்பதால்தான் அங்கே எந்தப் புல்லும் மற்றதை அமுக்கி வளர முடிவதில்லை. நல்ல இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்கூட நெருக்கியடித்து நிற்கும்.

மண்ணை அப்படி வைத்திருந்தவை ஆடுகள். பகலில் மேட்டில் மேய்ச்சல், ராத்திரி கீழே உழவு நிலத்தில் கம்பு முடைந்த தட்டி வைத்துக் கிடை. நம்மூர்க் கிடையேதான். மேட்டின் சத்தெல்லாம் புழுக்கையாக இறங்கித் தானியமானது. ரசாயன உரம் வந்ததும் கிடை போயிற்று, இரண்டாம் உலகப் போரில் உணவுப் பஞ்சத்துக்குப் பயந்து சுற்றியிருந்த புல்மேடுகளையும் உழுதார்கள். இந்தச் சரிவு செங்குத்தாக இருந்ததால் தப்பியது, அவ்வளவுதான். அப்புறம் 1953இல் மிக்சோமடோசிஸ் நோய் வந்து முயல்களும் செத்தன. ஆடும் இல்லை, முயலும் இல்லை, புதர் கிடுகிடுவென ஏறிவிட்டது.

வெட்டிய இடத்தில் மே கடைசியில் குனிந்து பார்த்தால் பலன் தெரியும்: மஞ்சள் பூப்பூக்கும் ஹார்ஸ்ஷூ வெட்ச், அதன் இலையில் முட்டை வைக்க அலையும் அடோனிஸ் நீலப் பட்டாம்பூச்சி. புழுவுக்கு வேறு தீனி கிடையாது, புல் குட்டையாக, வெயில் தரைவரை பட்டால்தான் பிழைக்கும்.

நடக்க வருபவர்கள் சிலர், "மரத்தை ஏன் கொல்கிறீர்கள்?" என்று சண்டைக்கே வருவார்கள். கோபம் நியாயம்தான், ஆனாலும் மரம் வளர இடம் ஏராளம் இருக்கிறது, இந்தப் புல்லுக்குத்தான் வேறு இடமில்லை. ஆனால் புதர் மறுபடி ஏறாமலிருக்க இப்போது திரும்ப மேய விட்டிருக்கும் ஆடுகளை, நாயைக் கட்டாமல் விட்டுத் துரத்த விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது. பிரைட்டன்காரர்கள் சிலர் பயிற்சி எடுத்து, சம்பளமில்லாமல், நகரத்தைச் சுற்றிய மேடுகளில் ஆட்டை எண்ணிப் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பாதி வேலை இந்த நாய்களால்தான்.