மூக்கோரத்துக் கரும்புள்ளி: ஒரு நாட்குறிப்பு

2025 ஜூன் 10

திருமணத்தின்போது போட்ட எட்டுக்கல் பேசரி மூக்குத்தியை இன்று கும்பகோணத்துப் பத்தர் கழற்றிக் கொடுத்தார். திருகாணி இறுகிப்போயிருந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊறவைத்து, சிறு குறட்டால் பிடித்து, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதே திருகி எடுத்துவிட்டார். நாளை மறுநாள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூக்கிலிருந்து தசை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்கள். அந்த இடத்தில் பேசரி இடைஞ்சலாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

பேசரிக்கு ஒட்டினாற்போல் மூன்றாண்டாக ஒரு கரும்புள்ளி இருக்கிறது. இப்போது மிளகளவுக்கு மேல் வளர்ந்து, ஓரம் மட்டும் மினுமினுப்பாகத் தடித்து நிற்கிறது. முகம் துடைக்கும்போது துண்டு பட்டால் ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போதே மறுபடியும் கசியும். திருகாணி உரசி வந்த புண் என்பதுதான் வீட்டில் பேச்சு. போன ஆண்டு ஒரு தனியார் கிளினிக்கில் இதை மரு என்று சொல்லிச் சுட்டு எடுத்தார்கள். எடுத்ததை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை. அனுப்பலாமே என்ற பேச்சுகூட அங்கே எழவில்லை. ஆறு மாதத்துக்குள் அதே இடத்தில் முன்னைவிட அகலமாக வந்துவிட்டது. அந்தக் கிளினிக்கின் மீது எனக்குள்ள வருத்தம் சுட்டதைப் பற்றியது அன்று, சுட்டதைக் குப்பையில் போட்டதைப் பற்றியதே.

ஜூன் 12

இன்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். வெளிநோயாளர் பிரிவில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் விவசாயிகள் என்பதால், பெயரைக் கூப்பிடும்வரை தண்ணீர் யார் வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும் என்பதே பேச்சாக இருந்தது.

தோல் பிரிவு மருத்துவர் இளம் பெண். விளக்கு பொருத்திய உருப்பெருக்கியை மூக்கின் மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். எத்தனை ஆண்டு வெயிலில் வேலை, முகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்ததுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவந்தவர், பாஷாணம் சேர்ந்த நாட்டு மருந்து நெடுநாள் சாப்பிட்டதுண்டா என்றும் கேட்டார். ஆர்சனிக் உடம்பில் தங்கினால் பல ஆண்டு கழித்துத் தோலில் புற்றாக வெளிப்படக்கூடுமாம். அப்படியொன்றும் நான் சாப்பிட்டதில்லை. வெயில் கணக்கைத்தான் சொல்ல முடியவில்லை. பதினைந்து வயதில் நாற்றுப் பறிக்க இறங்கியவள் இன்றும் ஆறு மா நிலத்தின் வரப்பில்தான் நிற்கிறேன்.

தசை எடுப்பதில் வலி என்று சொல்லத்தக்கது மரத்துப்போக ஊசி போடும் சில நொடிகள்தான். மூக்கு மடலில் தோல் அடியோடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்து உள்ளே இறங்க இடமில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதன்பின் 3 மி.மீ. விட்டமுள்ள வட்டக் கத்தியை அழுத்தித் திருகியது அழுத்தமாகத் தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. குருணை அளவுக்கு ஒரு துணுக்கு வந்தது. அதை ஃபார்மலின் குப்பியில் போட்டு, என் பெயரை ஒட்டி, என்னிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 24

பேசல் செல் கார்சினோமா, தோல் புற்றில் ஒன்று. நிறமி ஏறிய வகை.

மருத்துவர் ஓபி சீட்டின் பின்புறத்தில் தோலின் அடுக்குகளை வரைந்து, மேல்தோலின் அடிவரிசை உயிரணுக்களிலிருந்து இது கிளம்புகிறது என்று விளக்கினார். சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கருநீலத் திட்டுகளாகத் தெரியுமாம். அந்தத் திட்டுகளின் ஓரத்தில் உயிரணுக்கள் கயிறு பிடித்து நட்ட நாற்றுப்போல் வரிசையாக நிற்பதைக் கொண்டுதான் பெயரை உறுதிசெய்கிறார்கள். வெள்ளைத்தோல் மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்தப் புற்று நம்மிடம் குறைவு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நம்மைப் பெருமளவு காக்கிறது. ஆனால் அந்த மெலனினே இங்கே கட்டிக்குள்ளும் ஏறிக் கறுப்பாக்கிவிடுவதால் மச்சமென்றும் மருவென்றும் எல்லோரும் கடந்துபோகிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ இது பரவுவது மிக அரிது, முழுவதும் வெட்டியெடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது, கீமோ தேவையில்லை என்றார். விட்டுவைத்தால் என்ன என்று என் கணவர் கேட்டதற்கு (அவர் எதையும் நேராகக் கேட்டுவிடுவார்), மெதுவாக மூக்கின் குருத்தெலும்பைத் தின்றுகொண்டே போகும் என்று பதில் வந்தது.

இரவில் மகள் திருச்சியிலிருந்து தொலைபேசியில் படித்துச் சொன்னாள். 1827இல் டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் இமைகளையும் முகத்தையும் அரிக்கும் ஒரு புண்ணைப் பற்றி எழுதினாராம், அது இதுதானாம். உயிரைக் கொல்லாமல் முகத்தைத் தின்னும் நோய் என்று கேட்டபோது, தஞ்சாவூரில் வராத பயம் எனக்கு வீட்டுத் திண்ணையில் வந்தது.

ஜூன் 27

ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஓரகத்தி வந்து, அழுதுவிட்டு, நான் காய்ச்சிய காப்பியை நானே அவளுக்கு ஆற்றிக் கொடுக்கும்படி வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, மூக்கில் ஒரு பருவுக்காக இத்தனை அலைச்சலா என்று கேட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவரையும் பார்க்கவில்லை.

அத்தை வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி வேண்டிக்கொண்டுவிட்டார். சாகக் கிடந்து பிழைத்தவர்களைப் பங்குனித் திருவிழாவில் பாடையில் படுக்கவைத்து, பிணத்துக்குச் செய்வதையெல்லாம் செய்து, கோயிலைச் சுற்றித் தூக்கிவருவார்கள். சுற்றுவட்டாரத்தில் அதைப் பார்க்காத குடும்பம் இல்லை. என் நோய் பாடை அளவுக்குப் பெரியதில்லை என்று சொன்னேன். "புத்துன்னு சொன்னாங்களா இல்லையா?" என்றார். சொன்னார்கள்தான்.

ஜூலை 9

அறுவைச் சிகிச்சை முடிந்தது. முழு மயக்கம் கொடுக்காமல் மூக்கையும் கன்னத்தையும் மட்டும் மரக்கச்செய்தார்கள். கட்டியின் விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி நீலக் கோடு போட்டு, கோட்டோடு வெட்டி, எடுத்த துண்டின் மேல்புறம் எது என்று ஆய்வகத்துக்குத் தெரிவதற்காக அதில் ஒரு தையல் அடையாளம் வைத்தார்கள். எந்த ஓரத்திலாவது மிச்சமிருந்தால் மூக்கின் எந்தப் பக்கத்தில் மறுபடி வெட்ட வேண்டும் என்பதை அந்த நூல்தான் சொல்லுமாம். மூக்கு மடலில் இழுத்துத் தைக்கத் தோல் கிடையாது. ஆகவே மூக்குக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள கன்னத்து மடிப்பிலிருந்து தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்க நகர்த்தித் திருப்பி மூடினார்கள். தைக்கும்போது நூல் இழுபடும் சத்தம் கேட்டது. அது வேண்டாம் என்று தோன்றியது, மற்றதெல்லாம் பொறுக்கக்கூடியதே.

தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

ஜூலை 16

தையல் பிரித்தார்கள். முகத்தில் ரத்த ஓட்டம் மிகுதி என்பதால் ஒரு வாரம் போதும், காலாக இருந்தால் இரண்டு வாரம்வரை விட்டுவைப்போம் என்று செவிலியர் சொன்னார். மஞ்சள் பூசக் கூடாது, திருநீறு வைக்கக் கூடாது, புண்ணைக் காயவிடவும் கூடாது. வாசலின் தடவி ஈரப்பதத்தோடு மூடிவைத்தால்தான் புதுத்தோல் பொருக்கைக் குடைந்துகொண்டு போகாமல் நேராக ஏறும். காயம் காற்றாடக் காய்ந்தால்தான் ஆறும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த அத்தைக்கு இதை எடுத்துச் சொல்வதே இந்த வாரத்தின் பெரிய வேலை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஓரங்கள் எல்லாவற்றிலும் மிச்சமில்லை என்று ஆய்வக முடிவு போன வாரமே வந்துவிட்டது. ஆற்றங்கரைக்குப் போய்க் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் நூல் கட்டிக்கொண்டோம். மூன்று பெண்கள் பேசரி எங்கே என்று கேட்டார்கள். மூக்கின் வடிவம் மாறியிருப்பதை ஒருவரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 14

திருப்பி வைத்த தோல் உப்பிக்கொண்டிருக்கிறது. தழும்பு வட்டமாகச் சுருங்கும்போது நடுவிலுள்ள சதை இப்படிப் புடைப்பது வழக்கம் என்றும், விரலால் அழுத்தித் தேய்த்துவந்தால் மாதக்கணக்கில் அமரும் என்றும் சொன்னார்கள். கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை. சில நாளாக அங்கே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, நரம்பு திரும்புவதற்கு அதுதான் அடையாளமாம். மூன்று வாரத்தில் தழும்புக்குத் தோலின் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும், மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரும், முழுப் பலம் என்றைக்கும் வராது.

உண்மையான தொல்லை வெயில். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வெளியே நிற்காதீர்கள் என்று அறிவுரை எழுதியவர் குறுவை அறுவடைக்கு இயந்திரம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்ததில்லை. என் கணவரின் முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொள்வது புதிதல்ல, வயலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தலையில் கட்டும் துண்டு மூக்குக்கு நிழல் தராது. மகள் வாங்கிவந்த அகல விளிம்புத் தொப்பியைக் கண்டு களையெடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எஸ்பிஎஃப் 30 வெயில்காப்புக் களிம்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டுமாம். வியர்வையில் அரை மணிகூட நிற்பதில்லை. அதனால் தொப்பியைத்தான் நம்புகிறேன்.

2026 ஜனவரி 27

ஆறு மாதப் பரிசோதனையில் நெற்றிப்பொட்டிலிருந்த இன்னொரு கரும்புள்ளியிலும் துணுக்கு எடுத்திருந்தார்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு வேறிடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு உண்டு என்பதால் எதையும் பார்வையால் மட்டும் தள்ளிவிடுவதில்லை என்றார் மருத்துவர். அது செபோரிக் கெரட்டோசிஸ். வயதானால் வரும் தடிப்பு, தீங்கில்லை. இந்த முறை குப்பி ஆய்வகத்துக்குப் போயிற்றா என்று நானே இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். அடுத்த பரிசோதனை ஜூலையில், அதன்பின் ஆண்டுக்கொருமுறை.

பாடைக் காவடியை மாவிளக்காக மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தையிடம் மெல்லப் பேச்செடுத்தேன். வேண்டிக்கொண்டது நான், அவளிடம் பேரம் பேச நீ யார் என்கிறார்.