மெஷினும் டிவியும் பெரியப்பாவும்

2024 ஏப்ரல் 19. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் விளவங்கோட்டுக்கு அன்று இரட்டை வேலை: மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் வந்திருந்தது. ஆளுக்கு இரண்டு ஓட்டு. குழித்துறையில் வரிசையில் நிற்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. "இரண்டாவது மெஷின் வேலை செய்யவில்லையாம், ஒரு ஓட்டுதான் பதிகிறதாம்." எந்தச் சாவடி, பேசுவது யார், ஒன்றும் இல்லை.

நான் இரண்டு முறை அழுத்தி, இரண்டு முறையும், யாருக்குப் போட்டோம் என்று மெஷின் கண்ணாடிக்குள் 7 விநாடி காட்டும் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மதியம் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடுகையில், டிவியின் கீழே ஓடும் வரியில் அதே சங்கதி: "இயந்திரக் கோளாறு எனச் சமூக வலைதளங்களில் பரவும் தகவல்". பரவுவதே செய்தியாகிவிட்டது! ஒரு நிருபர் பைக்கில் வந்து கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மாலையில் பெரியப்பா அந்தத் திரையைப் படம்பிடித்து அதே குழுவில் போட்டார். "பார்த்தாயா மக்கா, டிவியிலேயே வந்துவிட்டது." காலையில் கிளம்பிய வதந்தி, சேனலில் முத்திரை குத்திக்கொண்டு வீடு திரும்பியிருந்தது.

மே 30 அன்று ஓட்டம் எதிர்த்திசையில். விவேகானந்தர் பாறையில் பிரதமர் தியானத்தில் அமர்ந்ததை முதலில் கேமராக்கள் காட்டின. பிறகுதான் கைபேசிகளில் புகழ்ச்சியும் கேலியும். எங்கள் குழுவும் இரண்டாகப் பிரிந்தது.

ஓட்டுப் போட்ட அன்று பெரியப்பாவுக்கு நான் எழுதிய பதில் இன்னும் அங்கேயே கிடக்கிறது: "என் இரண்டு ஓட்டும் பதிந்தன, சீட்டைப் பார்த்தேன்." அதை ஒருவரும் ஃபார்வர்டு செய்யவில்லை.